உம்மாவுக்கு எட்டில் ஒன்று

பின்னம் என்றாலே பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். கூட்டல் கழித்தலில் துணிச்சலாக இருப்பவள்கூட மூன்றில் இரண்டையும் எட்டில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, பதினொன்றில் மூன்று என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்வாள். கணக்கு டீச்சராக என் பிழைப்பில் பாதி அந்தப் பதினொன்றில் மூன்றை அழிப்பதிலேயே போனது. பாடப்புத்தகம் ஆப்பிளை வெட்டிக் காட்டியது. ஆப்பிளைப் பங்கு வைப்பதில் தகராறு வந்து ஜமாஅத்துக்குப் போனதாக எங்கள் கடற்கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. யாரும் சண்டை போடாத பொருளின் பங்கில் பிள்ளைக்கு என்ன அக்கறை இருக்கும்?

அதனால் நான் கரும்பலகையில் வேறொரு கணக்கை எழுதினேன். ஒருவர் இறந்துபோனார். அவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், ஒரு சகோதரர். யாருக்கு எவ்வளவு?

இது நானாகப் புனைந்த கணக்கு அல்ல. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹுதுப் போரில் நபித்தோழர் ஸஅது இப்னு ரபீஉ ஷஹீதானார். அவர் விட்டுப்போனதை எல்லாம் சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார். கையில் ஒன்றும் இல்லாத பிள்ளைகளை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அந்தத் தாயின் கவலை. வாரிசுரிமை வசனம் இறங்கியது அதன் பிறகுதான். நபியவர்கள் சகோதரரை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டைக் கொடு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றைக் கொடு, மிஞ்சுவது உனக்கு என்று தீர்த்துவைத்தார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி இது.

"மிஞ்சுவது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நான் சாக்பீஸை வைத்துவிடுவேன். மூன்றுக்கும் எட்டுக்கும் பொதுவான பகுதி இருபத்து நான்கு. மகள்களுக்குப் பதினாறு, தாய்க்கு மூன்று, போக மிச்சம் ஐந்து. அதுவரை எல்லாம் அவருடையது என்றிருந்த சித்தப்பாவுக்கு இருபத்து நான்கில் ஐந்து. பொதுப் பகுதி எதற்கு என்று அதற்குப்பின் ஒருத்திகூட என்னைக் கேட்டதில்லை. கேள்விகள் வேறு திசையில் கிளம்பின. "டீச்சர், எங்க உம்மும்மாவுக்கு மூணு அண்ணன்மார் இருந்தாங்க, அவங்க உம்மும்மாவுக்கு ஒண்ணுமே கொடுக்கலையே?" என்று ஒருத்தி கேட்டால், நான் "முதலில் கணக்கை முடி" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் இருந்தது. என் வாப்பும்மா, வாப்பாவின் உம்மா, ஓதிக்கொடுக்கிறவர். திண்ணையை ஒட்டிய அறையில் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் அவரிடம்தான் அலிஃப், பே தொடங்கினார்கள். குர்ஆன் ஓதுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் அச்சான மார்க்கச் சட்டக் கிதாபுகளைத் தடவித் தடவி வாசித்துப் பொருள் சொல்வார். பிழைப்புக்காகச் சபர் போன கணவருக்கு அந்த எழுத்திலேயே கடிதம் எழுதினார், வண்ணான் கணக்கும் அதிலேயே. ஆனால் தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அவருடைய வாப்பா இறந்தபின் தென்னந்தோப்புக்கு ஒரு விடுதலைப் பத்திரம் தயாரானது. பங்கு வேண்டாம் என்று அண்ணன்மாருக்கு எழுதிக்கொடுக்கும் தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை யாரோ கடகடவென்று வாசித்தார்கள், இவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு வந்தார். எட்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும் கிதாபில் எந்தப் பக்கம் என்று தெரிந்த பெண், தன் பங்கு போகும் தாளில் கைநாட்டு வைத்தார்.

அந்தக் கைரேகை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பின்னாளில்தான் சட்டப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வழக்கம் என்ற பெயரில் பெண்களின் பங்கை மறுக்கும் பழக்கம் பல இடங்களில் இருந்ததால்தான் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. அதிலும் விவசாய நிலத்தை விட்டுவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1949இல் செய்த திருத்தம் அந்த விலக்கை எடுத்தது. அதற்குப் பிறகு தோப்பிலும் மகளுக்குப் பங்கு உண்டு. உண்டு என்பதால்தான் வேண்டாம் என்று எழுதி வாங்க வேண்டியதாயிற்று. சட்டம் கொடுத்ததைச் சட்டப்படியே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாப்பும்மாவிடம் இதைப் பற்றி நான் கேட்டபோது, "காக்காமார் முகம் சுளிச்சா நான் எந்த வாசலுக்குப் போவேன்?" என்றார். அந்தப் பதிலில் அறியாமை இல்லை. பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை அது. இன்றும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெண்கள் அதைத்தான் சொல்கிறார்கள், இப்போது அழகான கையெழுத்தில்.

வகுப்பில் இந்தக் கணக்குகளைப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கொடுத்தனுப்பினேன். பங்கில் பிழை வந்தால் பேச்சு என் மேல் மட்டும் நிற்காது, பிள்ளைகள் படிப்பு மேலும் விழும். நோட்டு திரும்பி வந்தபோது ஓரங்களில் பச்சை மையில் அவருடைய குறிப்புகள் இருந்தன. இறந்தவரின் அடக்கச் செலவு முதலில், பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் என்னும் உயில், அதன்பின்தான் பங்கு என்று எழுதி, கடன் என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடன்தான் என்று சேர்த்திருந்தார். பிறகு நேரில் பார்த்தபோது, "ஃபராயிளைக் கற்றுக்கொள்ளுங்கள், உலகத்தை விட்டு முதலில் எடுபடும் கல்வி அதுதான் என்று ஒரு ஹதீஸ் சொல்வார்கள்மா, வரிசை பலவீனம்தான், ஆனால் நடப்பு அதை மெய்யாக்கிடுச்சு" என்று சிரித்தார். ஃபராயிள் என்பது இந்த வாரிசுப் பங்குக் கல்வி. மதரஸாவில் ஓதுகிற பையன்களே இந்தப் பாடத்தில்தான் விழுகிறார்கள் என்பது அவருடைய குறை. மூத்த சஹாபாக்களே ஃபராயிள் விஷயத்தில் அன்னை ஆயிஷாவிடம் போய்க் கேட்டதைத் தாம் பார்த்ததாக மஸ்ரூக் சொன்ன செய்தியையும் அவர்தான் எனக்குத் தந்தார். கணக்கு ஆண்பிள்ளைகளுக்கானது என்று யாராவது சொன்னால் அதை எடுத்து வைப்பேன்.

அவர் தந்தவற்றில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது வேறு. ஒருவர் மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை எல்லோரையும் விட்டு இறந்துபோனால்? மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. இருபத்து நான்கில் கூட்டிப் பார்த்தால் மூன்று, பதினாறு, நான்கு, நான்கு. மொத்தம் இருபத்தேழு. இருபத்து நான்கு பங்குள்ள சொத்தில் இருபத்தேழு பங்கு! "தப்பு டீச்சர்" என்று வகுப்பே கத்தும். தப்பில்லை. இதற்கு அவ்ல் என்று பெயர். சொத்தை இருபத்தேழாகப் பிரித்துவிட வேண்டும். அப்போது எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இதைக் கேட்க, பேச்சை நிறுத்தாமலே விடை சொன்னதாக வரலாறு. அதனாலேயே இந்தக் கணக்குக்கு மிம்பர் கணக்கு என்று பெயர் நின்றது. விகித சமத்தை நான் இதைவிட நன்றாக எந்தப் புத்தகத்திலிருந்தும் நடத்தியதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்வேன். 9ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் ஏறக்குறைய பாதி, வாரிசுப் பங்கும் வஸிய்யத்தும்தான். நீங்கள் எக்ஸ் என்று எழுதும் இடத்தில் அவர் ஒரு மகளின் பங்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளும் உள்ளூர் இந்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி எழுந்து, "எங்களுக்கு எவ்வளவு டீச்சர்?" என்றாள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 1989இல் கொண்டுவந்த திருத்தம் குடும்பச் சொத்தில் மகளையும் மகனைப் போலவே பங்காளியாக்கியதையும், 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்ததையும் சொன்னேன். "அப்போ சமமா?" என்றாள். சமம். உடனே என் பிள்ளைகள் பக்கம் சலசலப்பு. "எங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் காக்காமாருக்குக் கிடைக்கிறதுல பாதி?"

தயாரித்து வைத்திருந்த பதில் என்னிடம் இருந்தது, அதைச் சொன்னேன். குடும்பத்துக்குச் செலவழிக்கும் கடமை ஆண் மேல். பெண் தன் பங்கையும் மஹரையும் சம்பாத்தியத்தையும் யாருக்கும் செலவழிக்கக் கடமைப்பட்டவள் அல்ல. எல்லா இடத்திலும் பாதியும் இல்லை. மகன் இருந்தால் தாய்க்கும் தந்தைக்கும் ஒரே அளவு, ஆறில் ஒன்று. தாய் மட்டும் ஒன்றான சகோதரனுக்கும் சகோதரிக்கும் சமம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் ஒருத்தி மட்டும், "எங்க வாப்பா மௌத்தானதிலிருந்து எங்க காக்கா எங்களுக்கு ஒண்ணும் செலவழிக்கலையே டீச்சர், அப்போ?" என்றாள். இரண்டு மடங்கு வாங்கியவன் அதற்குரிய கடமையைச் செய்யாவிட்டால் என்ன என்பதை இன்றைய நிலையில் யார் தட்டிக் கேட்கிறார்கள்? அவளுக்கு அன்று நான் சொன்னது, கேட்கும் உரிமை உனக்கு உண்டு, நாளை ஜமாஅத்தில் கேள் என்பதுதான். போதாத பதில். ஆலிம்கள் சபையில் இந்தக் கேள்விக்கு இன்னும் கூடுதலாக இடம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வேறொன்றையும் சேர்த்தேன். உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் ஹிபாவில் பாதிக் கணக்கு கிடையாது. ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்பு கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்கக் கேட்ட ஒரு தந்தையிடம், மற்ற பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுத்தாயா என்று கேட்டு, இல்லை என்றதும் நபியவர்கள் சாட்சி நிற்க மறுத்த செய்தி புகாரியிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு வரவைப்பது வழக்கம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பார்க்கலாம். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்படும் பயம் அவளுக்கு இல்லை. படிப்பால் வரும் பலம் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் அந்தப் பத்திரத்தால் வரும் பலத்தையும் ஒரு வார்த்தை சொல்லலாம். மறுபக்கம், ஒரு மகளுக்கு வீடு கட்டவே வாப்பா வாழ்நாளெல்லாம் சபரில் கழிப்பதும், மூன்று குமரு உள்ள வீட்டில் அது என்ன ஆகும் என்பதும் உண்டு.

மேடை என்றதும் ஆண்டு விழா ஞாபகம் வருகிறது. சிறப்பு விருந்தினர் ஒவ்வொருவரும் ஃபெஸ் நகரத்தில் 859இல் கராவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டியதாகச் சொல்லப்படும் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரியைச் சொல்வார். ஹஃப்ஸா நாயகிக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஷிஃபா பின்த் அப்துல்லாஹ்வைச் சொல்வார். கைதட்டல் விழும். அவர்களில் சிலருடைய மகள்களை மறு வாரமே பத்தாம் வகுப்போடு நிறுத்த மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஆள் வரும். வீடு தேடிப்போய்ப் பேசுவது எங்கள் வேலையின் ஒரு பகுதி. குர்ஆனில் பெண் படிக்கக்கூடாது என்று எங்கும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதை நான் நிரூபிக்க வேண்டியதே இல்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் தரையில் இருந்தன. பஸ் கூட்டம், மாலை வகுப்பு முடிய மஃரிப் ஆகிறது, ஆண் வாத்தியார், மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வந்துவிட்டார்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் நாவல் எழுதியதையும் அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை தந்ததையும் ஒரு வீட்டில் உற்சாகமாகச் சொன்னேன். அந்த வாப்பா என்னைவிட விவரமானவர். "அவங்க மூணாங் கிளாஸோட நின்னவங்கதானே டீச்சர்? அப்புறம் ஏன் நம்ம பிள்ளைக்குப் பன்னெண்டு?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

ஃபாத்திமா பீவி அம்மையார் விஷயம் வேறு. பத்தனம்திட்டை ராவுத்தர் குடும்பத்துப் பெண், தந்தை தூண்டியதால் சட்டம் படித்து, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர். பின்னர் நமக்கு ஆளுநராகவும் வந்தார். அவர் பெயரைச் சொன்னால் வாப்பாமார் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள், அந்தக் கதையில் ஒரு வாப்பாவும் இருப்பதால்.

உண்மையில் பிள்ளைகளைப் படிக்கவைத்தது இவ்வளவு பெரிய பெயர்கள் அல்ல. நீதிபதி பஷீர் அகமது சயீது 1955இல் சென்னையில் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் பிள்ளையை அனுப்ப எங்கள் பக்கத்தில் வசதியும் துணிவும் உள்ள வீடுகள் சொற்பம். 1988இல் கீழக்கரையிலேயே தாஸிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தபின் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்றானது. இன்னொரு பக்கம், வளைகுடாவில் இருக்கும் மாப்பிள்ளைகளுக்கு வங்கிக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போய்வரக்கூடிய மனைவி தேவைப்பட்டாள். டிகிரி இருக்கா என்று மாப்பிள்ளை வீடு கேட்க ஆரம்பித்தது. கல்யாணச் சந்தைக்காகப் படிப்பா என்று சக ஆசிரியைகள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் வந்ததில்லை. எந்தக் காரணத்துக்காக வகுப்புக்கு வந்தாலும் வந்தவளுக்குப் பின்னம் தெரிந்துவிடும்.

இந்தப் பங்குக் கணக்கை விரும்பாதவர்களும் இருந்தார்கள். ஒரு வாப்பா பள்ளிக்கே வந்து, "பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்க, குடும்பத்தைக் கூறுபோடச் சொல்லிக்கொடுக்காதீங்க" என்று சத்தம் போட்டார். ஆலிம்சாவின் பச்சை மையைக் காட்டினேன். படித்துவிட்டு, "இது கிதாபு. நடைமுறை வேற" என்று போய்விட்டார். கிதாபை மறுக்க முடியாத இடத்தில் எல்லோரும் அடைக்கலம் புகும் சொல் அது, நடைமுறை. பள்ளி நிர்வாகத்தில் சிலர் இந்தக் கணக்குகளை நிறுத்தினால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். பாடத்திட்டத்தில் பின்னம் இருக்கிறதே என்று நானும் சொல்லி அனுப்பினேன்.

என்னிடம் படித்த ஒருத்தி, கணவர் வெளிநாட்டில் மாரடைப்பில் இறந்து சில மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கணவரின் தம்பிமார் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். வாங்கி வாசித்தாள். மகனுக்கும் மகளுக்கும் தான் பொறுப்பு என்று சித்தப்பா எழுதிக்கொள்வதாகவும், இவளுக்கு மாதம் ஒரு தொகை என்றும் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. கணவருக்குப் பெற்றோரில் உம்மா மட்டும் இருந்தார். இவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: சொத்தை எழுபத்திரண்டாகப் பிரித்தால் தனக்கு ஒன்பது, மாமிக்குப் பன்னிரண்டு, மகனுக்கு முப்பத்து நான்கு, மகளுக்குப் பதினேழு. தம்பிமாருக்கு ஒன்றும் இல்லை, மகன் இருப்பதால். சரியா டீச்சர் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். சரி. "மஹர் வந்ததா?" என்றேன். நிக்காஹ் தஃப்தரில் எழுதியிருந்த பவுன் அவள் கைக்கு வந்ததே இல்லை. அதைக் கடனில் முதலில் எழுது என்றேன்.

ஜமாஅத்துக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. மோதினார் மூலம் அந்தத் தாளை உள்ளே அனுப்பினாள். ஆலிம்சா சத்தமாக வாசித்தார். மாமி எழுந்து வந்து, திரைக்குப் பின்னாலிருந்து, "எனக்குப் பன்னெண்டு இருக்குண்டு இவனுவ எவனும் எங்கிட்டச் சொல்லலை" என்றாராம். அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறிவிட்டது. எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கணவர் பணம் அனுப்பிக் கட்டிய மாடிவீட்டின் பத்திரம் மூத்த கொழுந்தன் பெயரில் இருந்தது. இறந்தவர் பெயரில் இல்லாத சொத்து பங்குக்கு வராது, எழுபத்திரண்டு என்ன எழுநூறாகப் பிரித்தாலும். மைனர் பிள்ளைகளின் சொத்துக்குத் தாய் தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது என்பதால் மாவட்ட நீதிமன்றத்துக்கும் அலைந்தாள். வங்கியில் இருந்ததும் ஒரு மனையும் கணக்குப்படி பிரிந்தன. மஹர் பவுன் முழுதாக வந்தது.

ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைகளில் பெண்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பட்டா, வாரிசுச் சான்றிதழ், பழைய பத்திரங்களின் ஜெராக்ஸ் எல்லாம் மஞ்சள் பையில் இருக்கும். பங்கு போட இப்போது கைப்பேசியில் செயலி வந்துவிட்டது, ஆட்களைக் குறித்துவிட்டால் அவ்ல் உட்பட நொடியில் சொல்லிவிடுகிறது. மஹர் கைக்கு வந்ததா, வீடு யார் பெயரில் என்று அது கேட்பதில்லை, அதை நான் கேட்கிறேன். போன வாரம் வந்தது ஒரு பெரியவர். ஆண்கள் வருவது அபூர்வம். மூத்த மகன் இவருக்கு முன்பே மௌத்தாகிவிட்டான், அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகள் இவரிடம்தான் வளர்கிறார்கள். மற்ற மகன்கள் உயிரோடு இருப்பதால் பேத்திகளுக்கு இவர் சொத்தில் வாரிசுப் பங்கு கிடையாது. எகிப்தில் 1946லும் பாகிஸ்தானில் 1961லும் இதற்குத் தனிச் சட்டம் செய்தார்கள், இங்கே இல்லை. ஆனால் வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒன்று வரை வஸிய்யத் எழுதலாம், அதற்கு மகன்களின் சம்மதமும் வேண்டாம். "எழுதினா மவன்மார் கோவிப்பானுவளே டீச்சர்" என்றார். கோபிப்பார்கள் என்றேன். மூன்றில் ஒன்று எவ்வளவு வரும் என்று பார்க்க அடுத்த சனிக்கிழமை வில்லங்கச் சான்றோடு வரச் சொல்லியிருக்கிறேன். பேத்திகள் இருவரையும் கூட்டிவரச் சொன்னேன், பெரியவள் எட்டாம் வகுப்பு.